மூன்றாவது சுற்றில் நின்ற கை

வனேசா, ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவுக்கு எதிர்க்கரையில், பத்து காவான் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தாள். வயது முப்பத்து மூன்று. வாரத்தில் ஐந்து நாள் கடல்மேல் செல்லும் இரண்டாவது பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய், மைக்ராஸ்கோப்புக்கு அடியில் சில்லுகளைப் பார்த்துவிட்டுத் தீவுக்குத் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தில் பூசை. பிற்பகல் மூன்று மணிக்கு ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில் ஒரு கைலிக் கடையின் மாடியில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை இடிப்பாள்.

அது மூன்று பேர் கொண்ட ஹெவி மெட்டல் குழு. கித்தார் வாசிப்பது அவளுடைய அண்ணன் டேரில். இடைநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பேஸ் கித்தாரும் பாட்டும் அக்மல். கைலிக் கடை அக்மலின் மாமாவுடையது. மாடிச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி அந்த அறையை அவர்களே தயார் செய்திருந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது மூவரும் நிறுத்திவிட்டுக் கீழேயிருந்து வரும் தேநீரைக் குடிப்பார்கள். அக்மல் ஒலிப்பதிவு படித்தவன். ஒவ்வொரு ஒத்திகையையும் ஒன்று விடாமல் பதிவு செய்து வைப்பான்.

வனேசாவின் அடி சுத்தமாக இருக்கும். காதில் தாளம் காட்டும் மெட்ரோனோம் டிக் டிக் என்று ஓட, அதன் தலையிலேயே ஒவ்வொரு அடியும் விழும். எட்டு வருடமாக அதுதான் அவளுக்குப் பெருமை. அந்தப் பிப்ரவரியில்தான் அது ஒரு குறையாகத் தெரிய ஆரம்பித்தது.

கடற்கரை ஓரத்துப் பழைய கிடங்கு ஒன்றில் மே மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சிக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து குழுக்கள். எல்லோரும் ஹெவி மெட்டலின் முதல் ஐந்தாறு வருடத்துப் பாட்டுகளை மட்டுமே வாசிக்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சரக்கு. வனேசா பள்ளி நாளிலிருந்து கேட்டுக் காது பழகியவைதான். இருந்தாலும் வாசித்துப் பார்த்தபோது ஒட்டவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஃபேக்டரி மெஷின் ஓடற மாதிரி இருக்குலா" என்றான் டேரில்.

அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பழைய பதிவுகளில் கித்தாரை ஒதுக்கிவிட்டு டிரம்ஸை மட்டும் கேட்டாள். அப்போதுதான் விளங்கியது. மேலே கித்தார் இரும்பை இழுத்துக்கொண்டு போனது. கீழே டிரம்ஸ் நடனமாடியது. ஹெவி மெட்டலை எப்படி அடிக்க வேண்டும் என்று அந்த டிரம்மர்களுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இருந்திருக்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று அதுவரை இல்லை. சிறு வயதில் கேட்டுப் பழகிய ஜாஸ் கையைத்தான் அவர்கள் கொண்டுவந்து சத்தமாக இறக்கியிருந்தார்கள்.

அந்தக் கையின் கணக்கை வனேசா தனக்குத் தெரிந்த விதத்தில் பிரித்துப் பார்த்தாள். 'தகிட' என்று சொல்லி நடுவில் உள்ள 'கி'யை விழுங்கிவிட்டால் வலது கை சிம்பல் தட்டில் அடிக்கும் ஸ்விங் என்ற ஆட்டநடை வந்துவிடுகிறது. விழுங்கிய அந்தக் 'கி'யை இடது கை சும்மா விடுவதில்லை. ஸ்னேர் என்ற சிறிய டிரம்மில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் அதை மெல்லத் தட்டிவிட்டுப் போகிறது. டிரம்மர்கள் அதற்கு கோஸ்ட் நோட் என்பார்கள். அக்மல் அதைப் பேய்த்தட்டு என்று சொல்லிச் சிரித்தான்.

வனேசாவின் இடது கைக்கு அது வரவில்லை. ஒன்று பலமாக விழும், இல்லாவிட்டால் விழாது.

ஒரு பழைய ஜாஸ் சிம்பல் கிடைத்தால் உதவும் என்று நினைத்துத் தேடினாள். கைப்பேசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இருபத்திரண்டு அங்குலம், பழுப்பேறியது, ஓரத்தில் ஆறு சிறு ஆணிகள் தளர்வாகத் தொங்கின. அடித்தால் ஆணிகள் அதிர்ந்து 'ஸ்ஸ்' என்று ஒலி நீளும். விற்பவர் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஆலிஸ் என்ற ஓய்வுபெற்ற தாதி. எழுபது வயதிருக்கும். அவர் வாசல் கேட்டைப் பாதி மட்டும் திறந்து, சிம்பலை ஒரு துணிப்பையில் வைத்து நீட்டினார்.

"நீ ஜாஸ் வாசிக்கிறியாம்மா?"

"இல்ல ஆன்ட்டி. ஹெவி மெட்டல்."

ஆலிஸ் அவளையே பார்த்தார். "என்னைக்கு வாசிப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் வரைக்கும்."

"அப்படியா" என்றார் ஆலிஸ். கேட்டை மூடிய பிறகும் உள்ளே போகாமல், கம்பியைப் பிடித்தபடி வனேசாவின் காடி தெருமுனையில் திரும்பும் வரை அங்கேயே நின்றார்.

அடுத்த ஞாயிறு சிம்பலை மாட்டி வாசித்தபோது வனேசாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. பாட்டின் நடுவில் வேகம் மாறி ஸ்விங் தொடங்கும் ஒரு பகுதி வரும். அதுவரை அவளைத் தடுக்கிவிட்ட இடம் அதுதான். அன்றைக்கு வலது கை தானாக நடந்தது. டேரில் கித்தாரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். முடித்ததும் மூவரும் பதிவைக் கேட்டார்கள்.

"எப்படி ஒரு வாரத்துல கத்துக்கிட்ட?" என்று கேட்டான் அக்மல்.

"எத?"

"பேய்த்தட்ட."

அக்மல் ஒலியைக் கூட்டினான். வனேசாவின் கனமான அடிகளுக்கு இடையில், விரல் நுனியால் தட்டுவது போல, ஸ்னேரில் அந்தக் 'கி' விழுந்துகொண்டே இருந்தது. சில இடங்களில் இரண்டு. சில இடங்களில் ஒன்றுமில்லாமல் விட்டு, பிறகு மூன்று. அவ்வளவு லேசாக ஒரு குச்சியைப் பிடிக்க அவளுக்குத் தெரியாது.

"நான் அத வாசிக்கல" என்றாள் அவள்.

சிம்பலின் அதிர்வு ஸ்னேரின் அடியில் உள்ள கம்பியைத் தூண்டியிருக்கும் என்றான் அக்மல். அப்படியும் நடப்பதுண்டு. வனேசா தலையாட்டினாள். அதிர்வு 'தகிட' சொல்லாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அந்தப் பதிவைக் கைப்பேசியில் போட்டு வாரம் முழுக்கப் பாலத்தின் மேல் கேட்டுக்கொண்டே போனாள்.

இரண்டாவது ஞாயிறு ஸ்விங் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது டேரில் சட்டென்று கையைத் தூக்கி வாசிப்பை நிறுத்தினான்.

"ஏன் நிறுத்துன?" என்றான்.

"நான் எங்க நிறுத்துனேன்? நீதான் நிறுத்துன."

"வனேசா, நீ கைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்த."

அவள் அக்மலைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. பதிவைப் போட்டான். நான்கு நான்கு எண்ணிக்கையாக ஒவ்வொரு சுற்றும் போய்க்கொண்டிருந்தது. ஸ்விங் தொடங்கிப் பதினைந்தாவது சுற்றின் நடுவில் டிரம்ஸ் நின்றது. இரண்டு நொடி. பிறகு, எதுவும் நடக்காதது போல, அவளுடைய அடி தொடர்ந்தது. அந்த இரண்டு நொடியில் வேறு ஏதோ இருந்தது. அக்மல் காதில் மாட்டும் கருவியை அவளிடம் கொடுத்தான். ஓட்டுக் கூரையில் மழை தொடங்குவது போல, தூரத்தில், நிறையப் பேர் கைதட்டினார்கள்.

மூன்று பேரும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார்கள். சூலியா தெருவில் ஒரு வேன் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. இரண்டு சுற்றுலாப் பயணிகள் குடையோடு நடந்தார்கள். கைதட்டுகிற மாதிரி எங்கும் யாரும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு அவள் அந்தச் சிம்பலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, தன் பழைய சிம்பலோடு வந்தாள். அதே பதினைந்தாவது சுற்று. மூன்று நொடி. இந்த முறை அவள் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் கடிகாரத்தைப் பார்த்தாள். இதயத் துடிப்பைக் காட்டும் கோடு நூற்று முப்பதில் ஓடி, நாலு மணி பதினொரு நிமிடத்தில் அறுந்து, மறுபடி தொடங்கியிருந்தது. முந்தைய ஞாயிற்றின் கோட்டைத் தேடி எடுத்தாள். அங்கேயும் ஒரு சின்ன இடைவெளி. அதுவும் நாலு பதினொன்று. கை ஆடும்போது கருவி தவறாகக் காட்டலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தொழிற்சாலையில் ஒரு கோளாறு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அளவு கூடிக்கொண்டே வந்தால் அவள் அதை ஒருபோதும் தற்செயல் என்று எழுதியதில்லை.

புதன்கிழமை அது வேலை இடத்துக்கே வந்தது. அவளோடு வேலை செய்யும் சித்தி ஆயிஷா என்ற இளம்பெண் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, எவ்ளோ தடவ கூப்பிட்டேன் தெரியுமா?"

"எப்ப?"

"இப்பத்தான்லா. எடது கையால மேசையத் தட்டிக்கிட்டே இருந்தீங்க. அழகாத்தான் இருந்திச்சி. அப்புறம் நின்னுடிச்சி. கண்ணு தொறந்திருக்கு, ஆனா ஆளு இல்ல."

கடிகாரத்தில் ஐந்து நொடி காணவில்லை.

அன்றிலிருந்து வனேசா காடி ஓட்டுவதை நிறுத்திவிட்டாள். சித்தி ஆயிஷாவின் காடியில் போய் வந்தாள். பாலத்தைக் கடக்கும் அந்த இருபது நிமிடமும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். மருத்துவரிடம் போனாள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, ஓட வைத்து, இரத்தம் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். நான்காவது ஞாயிறு அவள் ஒத்திகைக்குப் போகவில்லை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நாலு பதினொன்றுக்கு டேரில் அவள் எதிரில் நின்று கைப்பேசியில் நேரம் எண்ணினான். எட்டு நொடி. அவன் வாத்தியார் குரலில் எண்ணத் தொடங்கி, ஐந்துக்கு மேல் குரல் வராமல் உதட்டை மட்டும் அசைத்தான்.

"கெளம்பு" என்றான். "அந்த ஆன்ட்டி வீட்டுக்குப் போவோம்."

இந்த முறை ஆலிஸ் கேட்டை முழுதாகத் திறந்தார். அவர்கள் வருவார்கள் என்று பல நாளாகக் காத்திருந்தவர் போல, யார், என்ன என்று எதுவும் கேட்காமல் உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். சுவரில் திருஇருதயப் படம். அதன் கீழே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் இளைஞன் ஒருவன் வெள்ளைக் கோட்டோடு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். சிம்பலின் ஓரத்தில் ஆணிகள் தெரிந்தன.

"எங்க அண்ணன். பால்ராஜ்" என்றார் ஆலிஸ்.

டேரில் நடந்ததையெல்லாம் சொன்னான். எத்தனை நொடி என்று சொன்னபோது ஆலிஸ் கண்களை மூடிக்கொண்டார். பிறகு பேசினார்.

"அண்ணன் துறைமுக ஆபீஸ்ல கிளார்க். ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஜார்ஜ் டவுன்ல ஒரு ஹால்ல டீ டான்ஸ் நடக்கும். நாலு மணிக்கு ஆரம்பிச்சி ஆறு மணிக்கெல்லாம் முடிச்சிடுவாங்க. ஜாஸ் பேண்ட். அதுல அண்ணன்தான் டிரம்ஸ். எழுவத்தி மூனு, எழுவத்தி நாலு இருக்கும், கப்பல்காரங்க கையில இந்த ஹெவி மெட்டல் ரெக்கார்டு வர ஆரம்பிச்சிச்சி. பேண்டுல எல்லாரும் காதப் பொத்திக்கிட்டாங்க. அண்ணன் மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டுச்சி. 'இவனுங்க புதுசா ஒன்னும் வாசிக்கல ஆலிஸ், நாம வாசிக்கிறதத்தான் கோவமா வாசிக்கிறானுங்க'னு சொல்லும்."

வனேசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாகத் தான் தனியாகக் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்த ஒன்றை, அவள் பிறப்பதற்கு முன்பே இந்த ஊரில் ஒருவன் தங்கையிடம் சொல்லியிருக்கிறான்.

"அன்னைக்கும் ஞாயித்துக்கிழமதான். ஆரம்பிச்சிப் பத்து நிமிஷம் இருக்கும், ரெண்டாவது பாட்டு. அந்த பேண்டுல ஒரு வழக்கம். சாக்சபோன் வாசிக்கிற ஜெயராஜ் மாமா நாலு சுத்து வாசிப்பாரு, அண்ணன் நாலு சுத்து தனியா வாசிக்கும். மறுபடி அவரு, மறுபடி இது. கேள்வி பதில் மாதிரி. அன்னைக்கு அண்ணன் தன்னோட மொறையில அந்த ரெக்கார்டுல கேட்ட மாதிரி பலமா அடிச்சிச்சி. ஜனங்க ஆடறத நிறுத்திட்டுப் பாத்தாங்க. மூனாவது சுத்துல, பாதியில, நின்னுடிச்சி."

அவர் நாலு, இவர் நாலு, மறுபடி அவர் நாலு, அதற்குமேல் மூன்று, மொத்தம் பதினைந்து என்று வனேசா மனதுக்குள் கூட்டினாள். "நின்னுடிச்சின்னா?" என்றான் டேரில்.

"கை அப்படியே எறங்கிடிச்சி. தல லேசா குனிஞ்சிருந்திச்சி. நேராத்தான் உக்காந்திருந்திச்சி. அது வேணும்னே நிறுத்தி வெளையாடுதுன்னு எல்லாரும் நெனச்சோம். அண்ணன் அப்படிச் செய்யிற ஆளுதான். ஜெயராஜ் மாமா சாக்சபோன வாயில வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு நிக்கிறாரு, இன்னும் இதோட மொற முடியலன்னு. ஜனங்க கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். தலைக்கு மேல கையத் தூக்கி, விசில் அடிக்காத கொறையா." ஆலிஸ் தன் கைகளைப் பார்த்தார். "இருபத்தி ஆறு வயசு. இருதயம். கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னு டாக்டர் சொல்லல. நாங்களும் கேக்கல. ஜெயராஜ் மாமா சாகிற வரைக்கும் ஒன்னயேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. 'நான் வாசிச்சிக்கிட்டு உள்ள போயிருக்கணும். சும்மா நின்னுட்டேன்.'"

வெளியே ஐஸ்கிரீம்காரனின் மணிச்சத்தம் தெருவைக் கடந்து போனது.

"தெரிஞ்சேதான் எனக்கு வித்தீங்களா?" என்று கேட்டாள் வனேசா.

"எங்க வீட்டுக்காரர் எறந்த பெறகுதான் அண்ணன் சாமான் இருந்த பெட்டியத் தொறந்தேன். ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு மேல சிம்பல் தானா லேசா சத்தம் போட ஆரம்பிச்சிச்சி. மொதல்ல பயம். அப்புறம் நாற்காலியப் போட்டு உக்காந்து கேக்க ஆரம்பிச்சேன். எங்க அண்ணன் கைதானே. ஆனா நிக்கும்மா. அப்புறம் அந்தக் கைதட்டு. அத மட்டும் என்னால தாங்க முடியல. அதுல ஒன்னு என்னோடது." அவர் வனேசாவை நேராகப் பார்த்தார். "வாசிக்கிற ஒரு ஆளுகிட்டப் போனா முடிச்சிக்கும்னு நெனச்சேன். உன்ன இப்படிப் புடிக்கும்னு நெனக்கல. ஆனா ஒன்னுமே ஆகாதுன்னும் நெனக்கல. பொய் சொல்ல மாட்டேன்."

வனேசாவுக்குக் கோபம் வந்தது. எழுந்து வாசல் வரை போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். திரும்பி வந்தபோது அவள் கேட்டது வேறு.

"அன்னைக்கு அவரு நின்ன பெறகு யாராச்சும் ஏதாச்சும் வாசிச்சாங்களா?"

"இல்ல. ஒருத்தரும் வாசிக்கல."

திரும்பும் வழியில் டேரில் நிகழ்ச்சியை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றான். அடுத்த ஞாயிறுதான் அது.

"வேணாம்னு சொன்னா மட்டும் விட்ருமா?" என்றாள் வனேசா. "சோபாவுல உக்காந்திருந்தப்பவும் வந்திச்சி. ரெண்டு, மூனு, அஞ்சு, எட்டு. அடுத்தது எவ்வளோன்னு நீயே கணக்கு போடு, வாத்தியாரு நீதானே."

"பதிமூனு" என்றான் அவன். கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "நான் நின்ன ஒடனே நீ உள்ள வா. எனக்காகக் காத்துக்கிட்டு நிக்காத. நாலு சுத்து வாசி. அப்புறம் என்ன ஆகுதோ ஆகட்டும்."

கிடங்கில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் கறுப்புச் சட்டை. தகரக் கூரையில் வெயில் கொதித்தது. ஆலிஸ் அழைக்காமலே வந்திருந்தார். சந்தனநிறச் சேலையில், மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வனேசா பழுப்பேறிய அந்தச் சிம்பலையே மாட்டியிருந்தாள். இனி அதைக் கழற்றி வைப்பதில் பயனில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் கழித்து ஆரம்பித்தார்கள். ஸ்விங் பகுதி வந்தபோது அவளுடைய இடது கை லேசாகியது. 'கி' தானாக விழுந்தது. அது தன் கையல்ல என்று தெரிந்தும், அந்த ஒரு நிமிடம் தன் வாழ்நாளில் மிகச் சந்தோஷமான நிமிடம் என்று அவள் பிறகு டேரிலிடம் சொன்னாள். அதற்கப்புறம் அவளுக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். மெழுகு தேய்த்த பலகைத் தரை. அதில் நிறையக் காலணிகள், எல்லாம் அசையாமல். தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டும் ஒரு பெண். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்ல நினைத்து, வாய் திறக்க முடியாமல் இருந்தது.

மற்றது டேரில் பார்த்தது.

பதினைந்தாவது சுற்றின் பாதியில் அவளுடைய இரண்டு கைகளும் இறங்கித் தொடையில் படிந்தன. தலை லேசாகக் குனிந்தது. கிடங்கில் இருந்தவர்கள் அதை ஒரு அருமையான நிறுத்தம் என்று நினைத்தார்கள். ஒருவர் கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். டேரில் தயாராகத்தான் இருந்தான். விரல்கள் கம்பியில் இருந்தன. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் விரல் அசையவில்லை. வாரம் முழுக்க இதற்காகவே வாசித்துப் பழகியவன், இப்போது அவள் நிமிரட்டும் என்று காத்து நின்றான். அக்மல் டேரிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கைதட்டு ஓங்கியது. கிடங்கில் இருந்தவர்களைவிட அதிகம் பேர் தட்டுவது போலிருந்தது என்று அக்மல் பிறகு சொன்னான்.

அப்போது ஆலிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். கைப்பை கீழே விழுந்தது. அவர் மேடையின் விளிம்புக்கு வந்து, தாதிகள் வார்டில் பேசும் தொனியில், கத்தாமல், டேரிலின் காலுக்குக் கீழிருந்து சொன்னார்.

"உள்ள போ, தம்பி. காத்துக்கிட்டு நிக்காத. உள்ள போ."

டேரில் வாசித்தான். முதல் சுற்று தாறுமாறாக விழுந்தது. இரண்டாவதில் அக்மல் சேர்ந்துகொண்டான். மூன்றாவது, நான்காவது. டேரில் தங்கையிடமிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தான். நான்கு சுற்று முடிந்த அந்த நொடியில் டிரம்ஸ் உள்ளே வந்தது. பின்னாலிருந்து யாரோ பாதியில் விட்ட பேச்சை எடுத்துக்கொண்டது போல, மூன்றாவது சுற்றின் மீதி, பிறகு முழுதாக நான்காவது. கடைசி அடியில் சிம்பலின் ஆணிகள் 'ஸ்ஸ்' என்று நீண்டு அடங்கின. அதன் பிறகே வனேசா மூச்சை இழுத்து நிமிர்ந்தாள். பாட்டை எங்கே விட்டோம் என்று தெரியாமல் இரண்டு அடி தவறாக அடித்து, பிறகு பிடித்துக்கொண்டாள்.

நண்பர் ஒருவர் எடுத்த வீடியோவில் அது தெளிவாக இருக்கிறது. டிரம்ஸ் திரும்ப வந்த அந்த ஒன்றரைச் சுற்றிலும் வனேசாவின் கைகள் தொடையில்தான் இருக்கின்றன. சிம்பல் மட்டும் ஆடுகிறது. டேரில் போட்ட பதின்மூன்றையும் தாண்டி, கடிகாரத்தில் பத்தொன்பது நொடி காணவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் ஆலிஸ் அவளைப் பிடித்து உட்கார வைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு மணிக்கட்டை விடாமலே அழுதார். வனேசா அவரைப் பாதியாவது மன்னித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தான் கண்ட பெண் அவர்தானா என்று அறிய, டீ டான்ஸ் நடந்த அந்த மண்டபத்தில் அன்று என்ன உடை அணிந்திருந்தீர்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாலு பதினொன்றுக்கு டேரில் மறுபடி எதிரில் நின்று எண்ணினான். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி பாலத்தின் மேல் காடி ஓட்டினாள். அக்மலிடம் இருந்த பழைய பதிவுகளில் கைதட்டு போய்விட்டிருந்தது. அதிகம் கேட்டுக் கேட்டு நாம்தான் கற்பனை செய்தோமோ என்று அவன் சொல்லிப் பார்த்தான். வீடியோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று அவனே முடிவு செய்தான்.

வனேசாவை வருத்தியது வேறொன்று. இடது கையும் போய்விட்டது. அந்த லேசான தட்டு வரவே இல்லை. பிப்ரவரியில் இருந்தது போலப் பலமாக விழுந்தது, அல்லது விழவில்லை. அவள் ஆலிஸுக்குச் சிம்பலைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஆலிஸ் அதை வாங்கி, துணியால் துடைத்து, ஜன்னல் ஓரத்தில் நிறுத்தி வைத்தார். ஏதாவது சத்தம் வருகிறதா என்று இருவரும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வரவில்லை. போகும்போது ஆலிஸ் அதை மறுபடி அவள் கையிலேயே கொடுத்தார்.

ஜூலையில் ஒரு ஞாயிறு டேரிலும் அக்மலும் வருவதற்கு முன்பே அவள் மாடிக்குப் போனாள். மெட்ரோனோமை மாட்டிக்கொள்ளவில்லை. மிக மெதுவாக, வாய்விட்டு 'தகிட' என்று சொல்லிக்கொண்டே, விழுங்கிய இடத்தில் இடது கையை வைக்கப் பார்த்தாள். பத்து முயற்சிக்கு ஒன்று சரியாக விழுந்தது. அப்படியே நாலு சுற்று போகலாம் என்று தொடங்கினாள். மூன்றாவது சுற்றின் பாதியில் பயம் வந்து கை தானாக நின்றது. காத்திருந்தாள். கீழே கடையில் யாரோ கைலியை உதறும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் வரவில்லை.

மீதியை அவளே வாசித்தாள். நன்றாக இல்லை. மறுபடி முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்தாள்.